முன்றில் என்றொரு சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கு முன்னால் நெல்லோ மிளகாயோ வடகமோ காயப்போட்டுவிட்டு, காக்கை வராமல் காவல் இருந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த இடத்துக்குப் பழந்தமிழில் முன்றில் என்று பெயர். 'இல்முன்', அதாவது வீட்டின் முன்பக்கம். அது முன்பின்னாக மாறி முன்றில் ஆயிற்று. நகர்ப்புறம் புறநகர் ஆகவில்லையா, கண்கடை கடைக்கண் ஆகவில்லையா, அது மாதிரி. இலக்கணப்போலி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சரி, நடுவில் அந்த றகரம் எப்படி வந்தது? முன்னில் என்றுதானே வரவேண்டும்? தொல்காப்பியர் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு நூற்பா எழுதியிருக்கிறார். பழைய வழக்கில் வந்த மரபு என்கிறார். அவர் காலத்திலேயே இது பழசு!

இந்தச் சொல்லோடு எனக்கு ஒட்டுதல் உண்டானது குறுந்தொகையால். 46ஆம் பாட்டு, மாமலாடன் பாடியது. வாடிய ஆம்பல் பூப்போலச் சிறகு கூம்பிய குருவிகள், 'முன்றில் உணங்கல் மாந்தி', அதாவது முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்றுவிட்டு, ஊர் மன்றத்துக்குப் போய் எருப்பொடியில் குடைந்து விளையாடுகின்றன. குருவி புழுதியில் இறக்கையடித்துக் குளிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அப்புறம் வீட்டு இறவாரத்தில் குஞ்சுகளோடு அடைந்துவிடுகின்றன. இதைச் சொல்பவள் தலைவனைப் பிரிந்திருப்பவள். அவர் போன நாட்டில் இந்த மாலையும் தனிமையும் இல்லையா தோழி என்று கேட்கிறாள். குருவிகூட வீடு திரும்பிவிட்டதே!

முன்றிலில் தானியம் காய்கிறது என்றால் வீட்டில் ஆள் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 41ஆம் பாட்டுக்கு வாருங்கள். தலைவர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர் மாதிரி மகிழ்வேன், அவர் போய்விட்டால் மக்கள் விட்டுப்போன ஊரில் 'அணிலாடு முன்றில்' உள்ள வீடு போலப் பொலிவிழந்து போவேன் என்கிறாள் ஒருத்தி. தானியமும் இல்லை, விரட்ட ஆளும் இல்லை, அணில் பயமில்லாமல் ஆடுகிறது. பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தொடரையே பெயராக்கி, அணிலாடு முன்றிலார் என்று வைத்துவிட்டார்கள். இரண்டே சொல், ஒரு புலவருக்குப் பெயராக நின்றுவிட்டது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கைகாட்டுகிறார்கள். முற்றத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: யாழ்ப்பாணத்தில் முற்றம் என்றால் வீட்டுக்கு முன்னே. தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளில் அது வீட்டுக்கு உள்ளே, வானம் பார்த்த நடுப்பகுதி. கொங்கு நாட்டில் முன்னிடத்தை வாசல் என்பார்கள். உங்கள் ஊரில் என்ன சொல் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.