உள்ளூர் மாடும் குளக்கரைப் பூவும்

மேடையில வீற்றிருக்கிற தலைவர் அவர்களே, வேலையை விட்டுட்டு வந்திருக்கிற பேரூராட்சி உறுப்பினர் அவர்களே, ஹாலை வாடகை இல்லாம குடுத்த தலைமையாசிரியர் அம்மா, எனக்கு முன்னாடி பேசி என் டைமையும் சேர்த்து எடுத்துக்கிட்ட புலவர் ஐயா, இன்னும் தூங்காம இருக்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலா பூந்தொட்டி குடுத்தீங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா அது துலுக்க சாமந்தி, மெக்சிகோகாரன்!

"உள்ளூர் மாடு விலை போகாது"ம்பாரு எங்கப்பா. செடியிலயும் அப்படித்தான், சூரியகாந்திக் குடும்பத்தைப் பாருங்க. சூரியகாந்தி வட அமெரிக்கா, சாமந்தி சீனா, ஏன், காயம்பட்டா கசக்கி வைக்கிறோமே வெட்டுக்காயப்பூண்டு, அதுவும் அமெரிக்கச் சரக்குதான். நம்மளுதுன்னு இன்னைக்கு மூணு சொல்றேன், பூவாங்குருந்தல், கொட்டைக்கரந்தை, மஞ்சள் கரிசலாங்கண்ணி.

பூவாங்குருந்தல் ஊதாக்கலர்ல பொடிப்பொடியா பூக்கும், நாம களைன்னு புடுங்கிப் போடுறோம், கேரளாவுல திருவாதிரைக்குத் தலையில வைக்கிற தசபுஷ்பத்துல இது ஒண்ணு, அந்தப் பத்துல கையோன்னிங்கிற நம்ம கரிசலாங்கண்ணி, முயல்செவின்னு சேர்த்து மூணு இந்தக் குடும்பம்தான். கொட்டைக்கரந்தைக்கு அப்புறம் வர்றேன்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி கதை கேளுங்க. நர்சரியில அந்தப் பேர் சொல்லி பத்து தொட்டி தலையில கட்டுனாங்க, நானும் வாசல் பூரா நட்டேன், மூணே மாசத்துல தரை தெரியல, துளசி காணோம், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல எட்டிப் பாத்து முறைக்கிறாரு. எங்க அத்தை ஊர்லேர்ந்து வந்தாங்க, செருப்பைக் கூட கழட்டல, குனிஞ்சு ஒரு இலையைக் கிள்ளி வெயில்ல புடிச்சாங்க. "ஏன்டா, இது மூணு பல்லு வச்சிருக்கு, நம்மளுது நீட்டு இலைடா. எதைடா வாங்கியாந்த?" அது சிங்கப்பூர் டெய்சி! உலகத்தோட மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்க பட்டியல்ல இருக்கிறது, அதை நான் காசு குடுத்து வாங்கிருக்கேன். அத்தை விடல, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு குளக்கரைக்குப் போயிட்டாங்க, நான் பின்னாடியே குடை புடிச்சுக்கிட்டு, டீக்கடையில எல்லாரும் என்னமோ தொலைஞ்சிருச்சுன்னு கூட வந்துட்டாங்க, கடைசில மதகு ஓரம் ஈரத்துல ஒட்டிப் படர்ந்து கிடந்துச்சு, கட்டை விரல் நகம் அளவு மஞ்சப் பூ. "இந்தா, ஓசி"ன்னாங்க. வள்ளலாரு தினம் சாப்பிடச் சொன்ன கரிசலாங்கண்ணிக்கு மஞ்சள் அக்கா! உள்ளூர் மாடு விலை போகாதுதான், ஆனா அன்னைக்கு அந்த மாடு எனக்கு சும்மாவே கிடைச்சுது.

இப்ப அந்த மதகு ஓரம் என்ன இருக்கு தெரியுமா? சிமெண்ட் சரிவு, மேல பேவர் பிளாக், நடுவுல வரிசையா தொட்டி, தொட்டியில அதே சிங்கப்பூர் டெய்சி! யாரையும் குத்தம் சொல்லல, உறுப்பினர் ஐயா தப்பா எடுத்துக்காதீங்க, மிச்சம் இருக்கிற தென்கரையையாவது மண்ணாவே விட்டுருங்க, புல்லு வெட்டுற மெஷினை மழை முடிஞ்சு பூ விதையாகுற வரைக்கும் ஷெட்லயே வைங்க. மனு ரெடி, வாசல்ல நோட்டு இருக்கு, கையெழுத்துப் போடுங்க.

தலைவர் மணி அடிக்கிறாரு. கொட்டைக்கரந்தை அடுத்த கூட்டத்துல. நோட்டு பக்கத்துல ஈரச்சாக்குல மஞ்சக் கரிசாலைத் தண்டு வெட்டி வச்சிருக்கேன், ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி படுக்க வச்சு ஊனுங்க, சாக்கடைத் தண்ணி வேண்டாம், அரிசி கழுவுற தண்ணி போதும், எடுக்கும்போது தள்ளுமுள்ளு பண்ணாதீங்க.