கொழுந்தை விட்டு முற்றலை வெட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பொக்கேயைக் கையில் வாங்கினால் கண் ரோஜாவுக்குத்தான் போகும். அந்த ரோஜாவைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் நிறத்தில் வட்ட இலைகள் இருக்குமே, அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பூக்கடைகளில் ‘சில்வர் டாலர்’ என்பார்கள். யூகலிப்டஸ் சினெரியா என்ற ஆஸ்திரேலியச் செடி அது. நம் தைலமரத்துக்குச் சொந்தம். கோத்தகிரி பக்கம் அரை ஏக்கரில் வைத்திருக்கிறேன்.

இதை மரமாக விட்டால் பயிர் போச்சு. வெட்டிய தைலமரத்தின் அடிக்கட்டையில் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இலை அகலமாக, வெளிர்நீலமாக, காம்பில்லாமல் எதிரெதிரே ஒட்டியிருக்கும். வளர்ந்த மரத்தின் உச்சியிலோ அரிவாள் போல நீண்டு தொங்கும். சினெரியாவிலும் நல்ல வட்ட இலை இளங்கிளையில்தான் வரும். வெட்ட வெட்டத்தான் அந்த இளமை நிற்கும். அதனால் தேயிலைக்குச் செய்வது போலக் கவாத்து செய்து, இடுப்புயரப் புதராகவே வைத்திருக்கிறேன்.

கவாத்து நமக்குப் பழக்கம்தான். அறுவடைதான் சிக்கல். கொழுந்து பறித்துப் பழகிய கை இளசைத் தேடிப் போகும். என் முதல் பெட்டியை அப்படித்தான் இளநுனியோடு, அதுவும் உச்சி வெயிலில் வெட்டி அனுப்பினேன். கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் நுனியெல்லாம் துவண்டு தொங்கிவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது நுனி இலையை மடக்கிப் பார்ப்பேன். துணி போல வளைந்தால் விட்டுவிடுவேன். விறைப்பாக நிமிர்ந்தால்தான் கத்தி. விடிகாலையில் வெட்டி, கீழ் இலைகளை உருவி, உடனே வாளித் தண்ணீரில் நிறுத்தி நிழலில் வைப்பேன். இலைமேல் இருக்கும் வெண்பூச்சைக் கை தேய்த்துவிடக் கூடாது. வெள்ளி நிறமே அந்த மெழுகுதான்.

வளர்ந்த செடி உறைபனியை ஓரளவு தாங்கும். இளங்கன்றுக்கு டிசம்பர், ஜனவரி இரவுகளில் காய்ந்த புல்லால் மூடாக்கு வேண்டும். அப்புறம் ஒரு வேண்டுகோள்: ஊற்றுக்கும் சதுப்புக்கும் பக்கத்தில் தயவுசெய்து நடாதீர்கள். தைலமரம் தண்ணீரை எப்படி இழுக்கும் என்பது இந்த மலைக்குத் தெரியும்.

விற்காத கிளையை எறிய வேண்டாம். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, அடித்தண்டை நசுக்கி அதில் நிறுத்துங்கள். சில நாளில் இலை நிறம் மாறும். ஆனால் நொறுங்காமல் மாதக்கணக்கில் இருக்கும். உலர்பூ அலங்காரம் செய்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.