விருந்தும் மருந்தும் மூன்று நாள்

(பெங்களூரு அல்சூரில் பொங்கல் விழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

மன்றத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களே, தமிழ் விழா என்று தெரிந்தும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் கன்னட நண்பர், எங்கள் வார்டின் முன்னாள் உறுப்பினர் அவர்களே, நமஸ்காரா. காலையில் கோலப்போட்டியில் பரிசு வாங்கிய தாய்மார்களே, பட்டிமன்றம் எப்போது என்று கடிகாரத்தைப் பார்க்கும் தம்பிகளே, வணக்கம். போன வருடம் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள், நான் இருபத்தைந்து எடுத்துக்கொண்டேன். அதை மறந்துவிட்டு மறுபடியும் கூப்பிட்ட செயலாளருக்குத் தனி நன்றி.

நான் டாக்டர் இல்லை. அல்சூரில் 34 வருடம் மெடிக்கல் ஷாப் நடத்தியவன். இன்று மூன்று செய்தி சொல்கிறேன். ஒன்று, பிறவி இருதயக் கோளாறு. இரண்டு, வலி மாத்திரை. மூன்று, சொந்தத்தில் கல்யாணம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் கல்லாவுக்கு மேலே இதைத்தான் எழுதி ஒட்டியிருந்தேன். "வியாபாரம் விளங்கினாப்லதான்" என்பாள் வீட்டுக்காரி.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8, 9 குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதாவது குறை இருக்கிறது. அதிகம் பார்ப்பது நடுச்சுவர் ஓட்டை. சின்ன ஓட்டை பல நேரம் தானாகவே மூடிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு அழும்போது உதடு நீலம் பாய்ந்துவிடும். அப்படி ஒரு குழந்தைக்கு 1944-ல் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை செய்தபோது, சர்ஜனுக்குப் பின்னால் நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ். கறுப்பின உதவியாளர், டாக்டர் படிப்பே படிக்காதவர். என் கட்சி.

வயிற்றுக் குழந்தையின் நுரையீரலுக்கு மூச்சு வேலை இல்லை. அதனால் ரத்தம் ஒரு குறுக்குக் குழாய் வழியாக நேரே பெருந்தமனிக்குப் போய்விடும். பிறந்து இரண்டு மூன்று நாளில் அந்தக் குழாய் மூடிவிடும். பார்த்தீர்களா, விருந்து மூன்று நாள்! அதுவரை அதைத் திறந்து வைத்திருப்பதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு. நமக்கு வலியைக் கூட்டுவதும் அதேதான். ஆஸ்பிரின் அதைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் காட்டினார் ஜான் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. 1982-ல் நோபல் பரிசு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் இந்த வம்சம். கர்ப்பிணி கடைசி மாதங்களில் இதை விழுங்கினால் குழாய் வயிற்றுக்குள்ளேயே சுருங்கிவிடலாம். 20 வாரத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. குறைமாதக் குழந்தைக்குக் குழாய் மூடாமல் அடம்பிடித்தால், டாக்டர்கள் இதே ஐபுபுரூஃபனைக் கொடுத்து மூடப் பார்ப்பதும் உண்டு!

ஒருநாள் நல்ல மழை, கரண்ட் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வியாபாரம். ஒரு அம்மா குடையை மடக்கிக்கொண்டே, "தம்பி, அந்த செவப்பு அட்டை வலி மாத்திரை ஒண்ணு குடு" என்றார்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான், முட்டி வலி."

கொடுத்தேன். காசை எண்ணிவிட்டு, மெதுவாக, "வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்றார்.

"உங்களுக்கு என்னம்மா வயசு?"

"அறுவத்தி ரெண்டு."

கடையே சிரித்தது. பக்கத்து டீக்கடைக்காரர் கிளாசோடு ஓடி வந்து, "எந்த மாசம்மா?" என்கிறார்! விசாரித்தால், வளைகாப்புக்கு வந்த மகளுக்கு எட்டாம் மாதம், இடுப்பு வலி. உண்மையைச் சொன்னால் நான் நோண்டி நோண்டிக் கேட்பேன் என்று முட்டி மேல் பழி. நான் அட்டையைப் பிடுங்கினேன், அவர் காசைப் பிடுங்கினார். "நீயெல்லாம் ஒரு கடைக்காரனா" என்று திட்டிவிட்டு மழையிலேயே போய்விட்டார். அடுத்த கடையில் வாங்கினாரோ என்னவோ. குடை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. உரியவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் பெற்றுக்கொள்ளலாம்.

சரி, செயலாளர் மணியைத் தொட்டுவிட்டார். நான் வந்த காரியம் வேறு. இருதயக் கோளாறோடு பிறக்கும் சில குழந்தைகள் உயிரோடிருப்பதே அந்தக் குறுக்குக் குழாய் திறந்திருப்பதால்தான். பார்த்தால் நல்ல குழந்தை. இரண்டாம் நாள் டிஸ்சார்ஜ், மூன்றாம் நாள் குழாய் மூடும், குழந்தை துவளும். மறுபடியும் அந்த மூன்று நாள்! இதை முன்னாடியே காட்டிக்கொடுக்க ஒரு கருவி உண்டு. கொரோனாவில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டினோமே, அதே ஆக்ஸிமீட்டர்தான், பச்சைக் குழந்தைக்கான கிளிப்போடு. பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையில் ஒரு தரம், காலில் ஒரு தரம். ஆக்ஸிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ விடக்கூடாது. மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும், எக்கோ என்ற இருதய ஸ்கேன் எடுக்க வேண்டும். எல்லா ஓட்டையும் இதில் சிக்காது. சில நிமிட வேலை. குழந்தைகளின் பிறவிக் குறைகளை 18 வயது வரை பார்க்கும் மத்திய அரசுத் திட்டம் 2013-லிருந்தே இருக்கிறது. ஆனால் திட்டம் வந்து சேரும் வரை அந்தக் குழந்தை இருக்க வேண்டுமே!

அரசோ தனியாரோ, கிளிப் வைக்காமல் டிஸ்சார்ஜ் கூடாது என்று சுகாதாரத் துறைக்கு மனு எழுதியிருக்கிறோம், கன்னடத்திலும் தமிழிலும். மூன்றாவது செய்தி, சொந்தத்தில் கல்யாணம், அதை அடுத்த வருடம் பேசுகிறேன். மனு வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், தயவுசெய்து அறுக்காதீர்கள். நன்றி, வணக்கம்.