பக்கத்து வீட்டுக் கறண்ட் பில்

நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம். மணியடிக்கிற பிள்ளை இப்பவே கையை ஓங்கிக்கொண்டு நிக்குது, வணக்கம் இவ்வளவும் காணும்.

"மனநிம்மதிக்கு வழி கழிப்பதே" எண்டது எங்கட அணி. "காப்பதே" எண்ட எதிரணித் தலைவர் மேடையால இறங்கேக்க ஒண்டு சொல்லிப்போட்டுப் போனார்: "தம்பி தலையில இருந்ததையெல்லாம் கழிச்சிட்டார், நிம்மதி வந்ததோ எண்டு கேளுங்கோ." நீங்களும் விழுந்து விழுந்து சிரிச்சியள்.

வந்தது ஐயா! சீப்பு இல்லை, டை இல்லை, சலூன் காசு மிச்சம். ஆனா அவற்ர தலையைப் பாருங்கோ. அண்ணை, குனியாதேங்கோ! இடக் காதுக்கு மேல முளைச்ச பன்ரண்டு முடியை நீட்டி வளர்த்து, உச்சிக்கு மேலால இழுத்து, வலக் காதடியில கொண்டுபோய் ஒட்டி வைச்சிருக்கிறார். காலிமுகத்திடலுக்குப் போனா ஒரு கையால தலையைப் பொத்திக்கொண்டு மற்றக் கையாலதான் இஸ்ஸோ வடை. கடல் காத்து எல்லாருக்கும் சுகம், இவருக்கு மட்டும் பயம். போனதைப் போக விடாட்டி இதுதான் கதி. இதுக்கு மேலயும் வாதம் வேணுமே?

சரி, நடுவர் முறைக்கிறார். 2010இல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு. வேலைக்குப் போற கணவன் மனைவி 60 பேரிட்டை வீட்டைச் சுத்திக் காட்டச் சொன்னவை. "ஒரே சாமான் குவியல்" எண்டு அலுத்துக்கொண்ட பெண்களுக்கு, பொழுதுபட இறங்கவேண்டிய கோர்ட்டிசோல், அதுதான் மனஅழுத்த ஹோர்மோன், சரியா இறங்கேல்லை. ஆம்பிளையளுக்கு அப்பிடி ஒண்டும் தெரியேல்லையாம். குவியல் கண்ணில பட்டாத்தானே! அதைவிடுங்கோ, 2017இல இந்த நாட்டில டெங்கு வந்தது ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு. பால்கனியில மழைத்தண்ணி நிண்ட தயிர்ச் சட்டியை யார் பத்திரமாக் காத்தது? எதிரணி.

இனி அம்மான்ர பை.

வெள்ளவத்தையில நாலாம் மாடி. கட்டிலுக்குக் கீழ ஒரு பை, அதுக்குள்ள இன்னொரு பை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிக்கிறதெண்டு இழுத்தன். முதல் வந்தது கறண்ட் பில், 1994.

"அம்மா, இது கட்டியாச்சு."

"கட்டினபடியாத்தான் வைச்சிருக்கிறன்."

"அந்த வீடே இல்லை, இடிச்சு மாடி கட்டிட்டாங்கள்."

"பில் கிடக்கெல்லே!"

அடுத்ததை எடுத்தன். பேர் எங்கட பேரில்லை. பக்கத்து வீட்டுக்காரற்ர பில்!

"இது ஏனம்மா?"

"அதுகள் கவனமில்லாததுகள், துலைச்சுப்போடுங்கள்."

பின்வரிசைக்குக் கேக்கேல்லைப் போல, திருப்பிச் சொல்லுறன்: பக்கத்து, வீட்டுக்காரற்ர, பில்! ஒண்டில்லை, மூண்டு வருசத்தான், மாசவாரியா, றப்பர் பாண்ட் போட்டு!

நானும் சிரிச்சுச் சிரிச்சுத்தான் அடி மட்டும் போனன். அடியில ஒரு பில். அதில ஒரு சப்பாத்து அடையாளம்.

2007 ஜூன் 7, சண்டைக் காலம். கொழும்பு லொட்ஜுகளில இருந்த எங்கட தமிழ்ச் சனம் 370 பேருக்கு மேல பொலிஸ்காரர் விடியமுன்னம் பஸ்ஸில ஏத்திக் கொழும்பை விட்டு அனுப்பினவை. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் மறிச்சது. மறக்கமாட்டியள். பிறகு ஒரு இரவு எங்கட கதவும் தட்டுப்பட்டது. கொழும்பில எத்தினை வருசமா இருக்கிறியள் எண்டு கேட்டினம். எனக்கு நாக்கு ஒட்டிப்போச்சு. அம்மா பையைக் கொண்டந்து நிலத்தில கவிட்டா. குந்தியிருந்து பரப்பினா, 94, 95, 96... டோர்ச் வெளிச்சம் பில்லுக்கு மேலால ஊர்ந்துகொண்டு போச்சு. ஒருத்தர் மிதிச்சுக்கொண்டு நடந்தார். அலுத்துப்போய்ப் போட்டினம்.

பையில குப்பை கிடக்குதெண்டுதான் ஐயா நான் நினைச்சிருந்தன்.

மணி கேக்குது. நான் எந்த அணியெண்டதும் ஞாபகமிருக்கு. அண்டைக்கு அம்மா தானாக் கிழிக்கத் தொடங்கினா. முதல் பில்லைப் பிடிச்சபடி, "இனி வந்து கேக்கமாட்டினமே?" எண்டா. "மாட்டினம் அம்மா." ஒவ்வொண்டா, நாலு நாலாக் கிழிச்சா. பின்னேரமாயிட்டுது. பக்கத்து வீட்டு றப்பர் பாண்ட் கட்டு வந்ததும் கை நிண்டிட்டுது.

அவை இப்ப கனடாவில. "ஒருக்கா போன் எடுத்துக் கேட்டுப்போட்டுக் கிழிப்பம்" எண்டா.

இன்னும் எடுக்கேல்லை. வணக்கம்.