கரும்பு தின்னக் கூலியா?
(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை வரவேற்புரையிலேயே பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, எனக்குப் பின் பேசுவதற்காகப் பொறுமையோடு காத்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நூலகர் ஐயா அவர்களே, மேடைக்கு ஓரமாக நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருங்கிணைப்பாளர் தம்பி, அரங்கில் கூடியிருக்கும் வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஆரம்பித்தால் அது மரியாதை ஆகாது. மேடையில் உட்கார்ந்தால் அவர் கையில் குறிப்புத்தாள் இருக்காது. மேசைக்குக் கீழே ஒரு நாவல் இருக்கும். அடுத்தவர் பேசும்போது அதைப் படிப்பார். இப்போதும் படித்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை ஐயா, நீங்கள் தொடருங்கள். நூலகர் ஐயாவுக்கும் ஒரு தனி வணக்கம். திருப்பித் தராத புத்தகத்துக்கு அவர் அனுப்பும் நினைவூட்டல் கடிதங்களைத் தொகுத்தால் அதுவே நல்ல இலக்கியம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண வாசகர்கள் அண்மையில் ரசித்துப் படித்த நூல்கள் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று பகுதியாகப் பேசப் போகிறேன். முதலில் கதைப் புத்தகங்கள். இரண்டாவது, கதை மாதிரியே படிக்கக்கூடிய உண்மை வரலாறுகள். மூன்றாவது, மொழிபெயர்ப்புகள்.

அதற்கு முன் ஒரு கேள்வியை ஓரங்கட்ட வேண்டும். நாவலும் கையுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தால் போதும், "இதையெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று கேட்க யாராவது வந்துவிடுவார்கள். சினிமா பார்ப்பவனை யாரும் இப்படிக் கேட்பதில்லை. படிப்பவன் மட்டும் ரசீது காட்ட வேண்டும். கரும்பு தின்னக் கூலியா? நம் முன்னோர் என்றோ முடித்துவைத்த விவகாரம் இது.

ஆண்டி வெய்ர் எழுதி 2021இல் வெளிவந்த 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கண் விழிக்கிறான். "இரண்டும் இரண்டும் எத்தனை?" என்று ஒரு கணினிக் குரல் கேட்கிறது. அவனுக்கு நாக்கே புரளவில்லை. தன் பெயர் என்ன, எங்கே படுத்திருக்கிறோம், எதுவும் நினைவில் இல்லை. எழுந்து நடக்கிறான், உடம்பு ஏதோ கனக்கிறது. பொருளைக் கீழே போட்டு, விழ எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கிறான். கணக்குப் போட்டால் ஈர்ப்பு விசை பூமியில் இருக்க வேண்டியதைவிட அதிகம். அப்படியானால் இது பூமி இல்லை! பள்ளியில் நம்மைத் தூங்கவைத்த அதே சூத்திரம்தான், இங்கே நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்து விடுகிறது. அந்தக் கதாநாயகன் பள்ளி அறிவியல் ஆசிரியர் என்பது ஆசிரியப் பெருமக்களின் கவனத்துக்கு. இதே வெய்ர் தன் முதல் நாவலான 'தி மார்ஷியன்' நூலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டவர். பதிப்பகமும் திரைப்படமும் அதற்கு அப்புறம் வந்தவை.

ஜப்பானிய எழுத்தாளர் தோஷிகசு கவாகுச்சியின் 'பிஃபோர் த காஃபி கெட்ஸ் கோல்ட்' இன்னொரு ரகம். ஒரு காபிக் கடையில் ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே என்ன செய்தாலும் இன்றைய நிலை மாறாது, காபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இதிலெல்லாம் பெரிய சிக்கல், அந்த நாற்காலியில் ஒரு பெண் ஆவி உட்கார்ந்திருக்கிறது. அது கழிப்பறைக்கு எழுந்து போகும் நேரம் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். அதுவரை அந்த ஆவி என்ன செய்கிறது தெரியுமா? நாவல் படிக்கிறது. செத்த பிறகும் படிக்கிறார்கள் ஐயா, அவர்களிடம் யாரும் பிரயோஜனம் கேட்பதில்லை.

துப்பறியும் கதைக்கு வருகிறேன். ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' 2020இல் வந்தது. முதியோர் குடியிருப்பில் வாழும் நான்கு பேர் வியாழன்தோறும் கூடி, துப்புத் துலங்காத பழைய வழக்குகளை அலசுகிறார்கள். திடீரென்று பக்கத்திலேயே நிஜக் கொலை விழுகிறது. கதையை இதற்கு மேல் சொல்ல மாட்டேன். அதைப் படித்த என் நண்பரைப் பற்றிச் சொல்கிறேன்.

கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர். கதை படிப்பது வேலையற்றவர் வேலை என்பது அவர் கட்சி. அவர் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. இரவில் இவர்தான் துணை. கைபேசியில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது. கட்டிலோரப் பெட்டியைத் திறந்தால், முன்பு அங்கே இருந்த நோயாளி யாரோ விட்டுப்போன இந்தப் புத்தகம். வேறு வழியில்லாமல் புரட்டியிருக்கிறார். பத்தாவது பக்கத்தில் சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்துவிட்டார், தணிக்கைப் புத்தி எங்கே போகும்? மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, பெயர், அந்த நேரத்தில் இருந்த இடம், சாட்சி என்று மூன்று பத்திகள். நள்ளிரவில் மனைவிக்குக் காய்ச்சல் பார்க்க வந்த செவிலியர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, மருந்து கொடுத்த நேரமெல்லாம் குறிச்சு வைக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் தலை நிமிராமல் சொன்ன பதில்: "இல்லம்மா, கொலை."

அதோடு முடியவில்லை. ராத்திரி இரண்டரை மணிக்கு என் தொலைபேசி அடிக்கிறது. திரையில் அவர் பெயர். ஆஸ்பத்திரியில் இருப்பவரிடமிருந்து அந்த நேரத்தில் அழைப்பு வந்தால் மனசு என்ன பாடுபடும்! கை நடுங்க எடுக்கிறேன். "யோவ், கொன்னது யாருய்யா?" என்கிறார். புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருக்கின்றன! சொல்வேனா நான்? கதை படிப்பவர்களை அத்தனை காலம் கிண்டல் செய்தவரை அவ்வளவு சுலபமாக விடுவதா? "நூலகத்துல போய் எடுத்துப் படிங்க" என்று வைத்துவிட்டேன்.

போயிருக்கிறார். காலையில் போனால் பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம். மருத்துவர் வரும் நேரம் அது, திரும்பிவிட்டார். மகள் வந்து மாற்றிவிட்ட பின் மாலை ஆறு மணிக்குப் போனால், ஐந்துக்கே பூட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனால் விடுமுறை. பூட்டைப் பார்த்துவிட்டு வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறார். அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த மனைவி மெதுவாகச் சொன்னாராம்: "நான் அந்தப் புத்தகத்தை எப்பவோ படிச்சாச்சு. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அந்தப் பூட்டுத்தான் கண்ணில் நிற்கிறது. காலை பத்து மணியில் இருந்து மாலை ஐந்து மணி வரை யார் சும்மா இருக்கிறார்கள்? மாணவன் வகுப்பில், தாய் வேலையில், தொழிலாளி பட்டறையில். அந்த நேரத்தில் திறந்து வைத்து, அவர்கள் வரக்கூடிய நேரத்தில் பூட்டிவிட்டு, "வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது" என்று கருத்தரங்கம் வேறு. கரும்பு தின்னக் கூலி கேட்பவர் எவரும் இல்லை; தோட்டத்துக் கதவைத்தான் திறக்கச் சொல்கிறோம்.

எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். கணித ஆசிரியராக இருந்து நூலகர் ஆனவர். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. அதை விளக்கும்போதே நூலகம் எந்த இடத்தில் அமைய வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதற்குள் போய்விடுகிறார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அடுத்த இரண்டு. "தரமான" வாசகர் என்று அவர் எழுதவில்லை. கொலைக் கதை கேட்பவரும் வாசகர்தான். வாங்கும் பட்டியலில் இருந்து துப்பறியும் நாவலையும் காதல் கதையையும் அடித்துவிடும் குழுக்கள் அந்த இரண்டு விதிகளையும் சுவரில் ஒட்டிக்கொள்வது நல்லது.

நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் இன்னும் தாராளமானவர். ஐம்பது பக்கம் படித்துப் பார், பிடிக்கவில்லையா, மூடிவை என்றார். வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறில் இருந்து தங்கள் வயதைக் கழித்தால் வரும் பக்கம் வரை படித்தால் போதும். தலைவர் அவர்களின் வயதை நான் சொல்ல மாட்டேன். அவருக்கு இருபது பக்கம் போதும். ஆனால் இப்படிப் பத்து நூலைப் புரட்டி ஒன்றைப் பிடிக்கும் சுதந்திரம், எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு எப்படிக் கிடைக்கும்? அதற்குத்தான் நூலகம்.

தம்பி சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டாவது பகுதிக்கு ஒரே ஒரு நூல்: டேவிட் கிரான் எழுதிய 'தி வேஜர்', 2023. 1741இல் உடைந்துபோன பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கதை. முப்பது பேர் சிதைந்த படகில் பிரேசில் கரையேறி வீரர்களாகக் கொண்டாடப்படுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு கரையில் மூன்று பேர் ஒதுங்கி, "அவர்கள் வீரர்கள் இல்லை, கலகக்காரர்கள்" என்கிறார்கள். அத்தனையும் ஆவணங்களில் உள்ளது. மூன்றாவதான மொழிபெயர்ப்பைப் பற்றி, பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகள் தீபா பாஸ்தியின் ஆங்கிலத்தில் 'ஹார்ட் லாம்ப்' ஆகி 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றதை மட்டும் சொல்லிவிட்டு, மீதியைப் பேராசிரியர் அம்மாவிடம் விடுகிறேன். எனக்கு இப்போது முக்கியம் வேறு.

வாசலில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. கோரிக்கை இரண்டுதான். வாரத்தில் இரண்டு நாளாவது நூலகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும். ஞாயிறு விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்ற வேண்டும். ஊழியரைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் கூட்டக்கூடாது என்பதையும் நூலகர் ஐயா சொல்லிச் சேர்த்திருக்கிறோம். என் நண்பர் முதல் கையெழுத்துப் போட்டாயிற்று. அவர் மனைவிதான் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். கையெழுத்துப் போடுங்கள், பேனாவை மட்டும் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். கொலையாளி யார் என்று அவரிடம் தயவுசெய்து கேட்காதீர்கள், சொல்லிவிடுவார். நன்றி, வணக்கம்.