காலி பாக்கெட் ஐந்து, காலி இடம் 250 எம்பி

வணக்கம். இன்று கையில் ஒரு பொருளோடு உட்கார்ந்திருக்கிறேன். கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். ஷாம்பு பாக்கெட். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குமே, அதேதான்.

சின்னதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "டிஜிட்டல் மார்க்கெட்டிங்குக்கு எவ்வளவு பணம் ஒதுக்கணும்?" என்பது. அந்தக் கேள்வியில் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது. பொருளைச் செய்வது ஒரு வேலை, செய்து முடித்த பிறகு அதை ஊருக்குச் சொல்வது வேறொரு வேலை என்ற நினைப்பு. அந்த நினைப்பைத்தான் இன்றைக்கு அசைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இந்தப் பாக்கெட் போதும்.

கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். வசதியானவர்கள் வாங்கும் பொருளைக் கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்க முடிய வேண்டும், அதற்குச் சின்ன அளவில் அடைத்து விற்றால் போதும் என்பது அவருடைய எண்ணம். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கொண்டு வந்தார். இன்றைய கெவின்கேர் நிறுவனம் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

ஷாம்பு என்றாலே பாட்டில், பணக்காரர் வீட்டுப் பொருள் என்றிருந்த காலம். கிராமத்தில் சீயக்காய், இல்லாவிட்டால் குளிக்கிற சோப்பு. அங்கே போய் "எங்கள் ஷாம்பு நல்லது" என்று சுவரில் எழுதினால் யார் நம்புவார்கள்? அதனால் ஊருக்குள் போனார்கள். ஒரு பையனை எல்லார் முன்னாலும் நிறுத்தி, ஷாம்பு போட்டுத் தலையை அலசி, "தொட்டுப் பாருங்கள்" என்றார்கள். கூடவே இலவசப் பாக்கெட்டும் கொடுத்தார்கள்.

அப்புறம் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்த கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். முதலில் அடுத்தவருடைய வாடிக்கையாளர் கையில் தங்கள் பொருளைக் கொடுத்துப் பழக்கினார்கள். பழகியவரைப் பிறகு தக்கவைத்துக் கொண்டார்கள். கவனியுங்கள், இதில் பரிசாகப் போனது காசு இல்லை. குடமும் இல்லை, தட்டும் இல்லை. அதே ஷாம்பு. பரிசை வாங்கியவர் அதைத் தலையில் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, 2008-க்கு, அமெரிக்காவுக்கு வாருங்கள். டிராப்பாக்ஸ். நம் கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் சேவை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ட்ரூ ஹவுஸ்டன், சேவை எல்லாருக்கும் திறப்பதற்கு முன்பே, அது எப்படி வேலை செய்கிறது என்று சில நிமிட வீடியோவில் தானே பேசிக் காட்டினார். காத்திருப்போர் பட்டியலில் இருந்த 5,000 பெயர் ஒரே இரவில் 75,000 ஆனது. ஊர் நடுவில் தலையை அலசிக் காட்டியது போலத்தான் இதுவும்.

சேவை திறந்ததும் எல்லாரையும் போலக் கூகுளில் விளம்பரம் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால், பணம் கட்டும் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை செலவு. அவர் கட்டப் போவதோ 99 டாலர். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். உங்களிடம் யாராவது விளம்பரத் திட்டத்தோடு வந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

சரி, பிறகு என்ன செய்தார்கள்? ஒரு நண்பரைச் சேர்த்துவிட்டால், சேர்த்தவருக்கும் சேர்ந்தவருக்கும் கோப்புகளைச் சேமிக்கத் தலா 250 எம்பி (மெகாபைட்) கூடுதல் இடம். இணையத்தில் பணம் அனுப்பும் சேவையான பேபால் இதற்கு முன்பே ஆள் சேர்த்தவருக்குக் காசு கொடுத்திருக்கிறது. டிராப்பாக்ஸ் காசுக்குப் பதிலாகத் தன் பொருளையே கொடுத்தது. ஐந்து காலி பாக்கெட்டுக்கு ஒரு ஷாம்பு மாதிரி. புதிதாகச் சேர்பவர்களின் எண்ணிக்கை அதனால் 60 சதவீதம் உயர்ந்தது. 2008 செப்டம்பரில் 1 லட்சம் பேர், 2010 ஜனவரியில் 40 லட்சம் பேர்.

அப்படியானால் மாறியது என்ன? கடலூரில் திட்டம் ஒருவர் தலையில் உதித்து, ஆட்கள் ஊர் ஊராக அலைந்து, கடைக்காரர் காலி பாக்கெட்டை எண்ணி வாங்கி நடந்தது. டிராப்பாக்ஸில் அந்த வேலை முழுவதும் மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டது. எழுதியவர் பொறியாளர். "நண்பரை அழையுங்கள்" என்ற பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பது மார்க்கெட்டிங் கேள்வியா, வடிவமைப்புக் கேள்வியா? இரண்டும்தான். 1996-லேயே ஹாட்மெயில், தன் வழியாகப் போகும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் இலவச ஹாட்மெயில் பெறலாம் என்று ஒரு வரி சேர்த்தது. ஒன்றரை வருடத்தில் மைக்ரோசாப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

ஆனால் எனக்கு இதில் ஒரு பயமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சொல்லுகிற வேலை பொருளுக்குள்ளேயே வந்து உட்கார்ந்த பிறகு, நச்சரிப்பதும் உள்ளேயே வந்துவிடுகிறது. வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் ஒருவர் தன் நண்பர்களை அழைத்தால், பதில் வராத நண்பருக்கு அழைத்தவர் பெயரிலேயே நினைவூட்டல்கள் போய்க்கொண்டிருந்தன; அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை என்று பயனர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. ஒரு மனிதருடைய பெயரை அவர் சொல்லாமல் பயன்படுத்துவது தப்பு. எண்ணிக்கை எவ்வளவு ஏறினாலும் தப்புதான்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று திரை காட்டும். ஏன் அழுத்தவில்லை என்று அது சொல்லாது. அந்தக் கிராமத்தில் முடியைத் தொட்டுப் பார்த்த அம்மாவின் முகம் அதைச் சொல்லியிருக்கும். சிக் பின்னாளில் மல்லிகை, ரோஜா வாசனைகளில் வந்தது. தலையில் பூ வைக்கும் பெண்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது தோன்றும் என்று நான் நம்புகிறேன்.

என் சித்தி வீட்டிலிருந்தே சத்துமாவு தயாரித்து விற்கிறார். விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் செலவு செய்ததில்லை. ஒவ்வொரு ஆர்டரோடும் ஒரு வேளைக் கஞ்சிக்கு ஆகும் அளவில் ஒரு குட்டிப் பொட்டலம் சேர்த்து வைப்பார், "பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்" என்று சொல்லி. மாவு அரைக்கக் கொடுப்பதற்கு முதல் நாள் வாட்ஸ்அப்பில் கேட்பார்: "நாளைக்கு மில்லுக்குப் போகிறேன், யாருக்கு என்ன மாற்றணும்?" ஒரு தடவை ஒரு அம்மா, குழந்தைக்குச் சுக்கு காரமாக இருக்கிறது, சுக்கு இல்லாமல் கிடைக்குமா என்று எழுதினார். சித்தி அவருக்காகத் தனியாக இரண்டு கிலோ அரைத்தார். குழுவில் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலைக்குள் இன்னும் பதினோரு பேர், "எனக்கும் சுக்கு இல்லாமல்".

இப்போது மில்லில் முதலில் அரைப்பது அந்த மாவைத்தான்.