ஜூன் 30-க்கும் ஜூலை 1-க்கும் இடையில்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

என் பெரியப்பா மகன் பிறந்தது தை மாத அறுப்புக் காலத்தில். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிறையவேண்டும் என்பதற்காக, அன்றைய வழக்கப்படி ஆசிரியரே ஜூன் மாதத் தேதி ஒன்றை எழுதிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருடைய பிறந்த தேதியும் அப்படி எழுதப்பட்டதாகவே இருக்கும். மத்திய அரசுப் பணியிலிருந்த அண்ணன், விதிப்படி பிறந்த மாதத்தின் கடைசி நாளான ஜூன் 30 அன்று ஓய்வுபெற்றார். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் ஆண்டு ஊதிய உயர்வு எல்லோருக்கும் ஜூலை 1 என்று ஆகியிருந்தது. ஓராண்டு முழுதும் உழைத்திருந்தும், மறுநாள் பணியில் இல்லை என்ற ஒரே காரணத்தால் அந்த உயர்வு அவருக்கு மறுக்கப்பட்டது. "வாத்தியார் ஜூலைன்னு போட்டிருந்தா கிடைச்சிருக்கும் சார்" என்று எழுத்தர் வருந்திச் சொன்னாராம். ஓர் உயர்வுதானே என்று எண்ணிவிட வேண்டாம். ஓய்வூதியம் கடைசி ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், அந்தக் குறை அவருடைய காலம் வரையிலும், அதன் பின் அண்ணி பெறும் குடும்ப ஓய்வூதியத்திலும் தொடரும்.

இதே நிலையில் 2013 ஜூன் 30 அன்று ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவரின் வழக்கில், ஓராண்டுப் பணி முடிந்துவிட்டதால் கையில் பணமாகத் தராவிட்டாலும், ஓய்வூதியக் கணக்குக்காக மட்டும் அந்த ஊதிய உயர்வைப் பெற்றதாகக் கொள்ளவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. கர்நாடக மின் கழகப் பணியாளர்களின் வழக்கில், 2023 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றமும் இதே கருத்தை ஏற்றது. உயர்வு என்பது கடந்த ஓராண்டுப் பணிக்கு உரியது. மறுநாள் பணியில் இருப்பதற்கான பரிசன்று.

நீதிமன்றம் ஓய்வூதியத் தொகையை நிர்ணயிப்பதில்லை. இந்தத் தேதிக்கு முன், பின் என்று அரசு போட்ட கோட்டுக்குக் காரணம் உண்டா என்றுதான் கேட்கிறது. இதை நான் போகுமிடமெல்லாம் சொல்லிவருகிறேன், இங்கும் சொல்கிறேன். 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கு, 36 மாதங்களுக்குப் பதிலாகக் கடைசி 10 மாதங்களின் சராசரி ஊதியத்தைக் கொண்டு கணக்கிடும் தாராளமான முறை இல்லை என்றது மத்திய அரசு. அந்தக் கோட்டை, நகாரா என்ற ஓய்வூதியர் தொடுத்த வழக்கில், 1982 டிசம்பர் 17 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அழித்தது. ஒரே வகுப்பினரைத் தேதியால் மட்டும் பிரிப்பது சமத்துவம் பேசும் 14-ஆம் பிரிவுக்குப் பொருந்தாது என்றும், ஓய்வூதியம் அரசு இரங்கித் தரும் கொடையன்று, செய்த பணியால் வந்த உரிமை என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஓய்வூதியர்கள் டிசம்பர் 17-ஐத் தங்கள் நாளாகக் கொண்டாடுவது இதனால்தான். ஆனால் எல்லாத் தேதிக் கோடும் செல்லாது என்று இதற்குப் பொருளில்லை. 1990-இல், ஓய்வூதியத்துக்குப் பதிலாக வருங்கால வைப்பு நிதித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்த ரயில்வே ஊழியர்களுக்கு இந்த வாதம் பலிக்கவில்லை.

நேரம் முடிகிறதென்று சைகை காட்டுகிறார்கள். பிடித்தம் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் தவறாகக் கூடுதலாக வழங்கிவிட்ட ஊதியத்தை, ஓய்வுபெற்றவர்களிடமிருந்தோ, ஓராண்டுக்குள் ஓய்வுபெற இருப்பவர்களிடமிருந்தோ திரும்பப் பிடிக்கலாகாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அத்தகைய பிடித்தம் செய்யும் ஆணை கைக்கு வந்திருந்தால், அதன் நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வணக்கம்.